தஞ்சாவூர் தட்டுல ஒரு அமெரிக்க ரயில் இன்ஜின்: கீழவாசல் பட்டறை ரிவ்யூ

மொதல்லயே முடிவை சொல்லிடறேன், மீதியை படிக்கறதும் படிக்காததும் உங்க இஷ்டம். நம்ம மனசுல இருக்கற டிசைனை சொல்லி தஞ்சாவூர் கலைத்தட்டு அடிச்சு வாங்கணும்னா இந்த பட்டறைக்கு தாராளமா போகலாம், ஆனா அவசரக்காரங்க போகாதீங்க. வேலைப்பாட்டுக்கு அஞ்சுக்கு அஞ்சு. இங்கிலீஷ் எழுத்து வெட்டினதுக்கு ரெண்டரை. சொன்ன தேதிக்கு ஒண்ணு. பேக்கிங்னு ஒரு சமாச்சாரமே அங்க இல்ல, இல்லாததுக்கு எப்படி மார்க் போடறது.

பட்டறை பேரை கேக்காதீங்க, போர்டே கிடையாது. தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் ஒரு சந்துக்குள்ள ஓட்டு வீடு, திண்ணையிலயே வேலை நடக்கும். ஒரு பெரியவர், அவர் மகன், கல்லு பதிக்கற வேலைக்கு மட்டும் வந்து போற ஒரு அண்ணன், அவ்ளோதான் ஆளுங்க. ஷோரூம்ல வரிசையா பிள்ளையார், நடராஜர், அஷ்டலட்சுமின்னு ரெடியா அடுக்கி வச்சிருக்கற தட்டு வேணும்னா இங்க வரவே வேணாம், பூம்புகார் கைவினைப் பொருள் கடையில போய் பார்த்து எடுத்துக்கலாம். இது ஆர்டர் குடுத்து வாங்கற இடம்.

இப்ப ஆர்டர் என்னன்னு சொல்றேன், அதுலதான் விஷயமே இருக்கு. எங்க அத்தான் (பாபநாசத்து அத்தை பையன்) அமெரிக்காவுல டென்னசில, சட்டனூகான்னு ஒரு ஊர்ல இருக்கார். அங்க மிலிட்டரியில இருந்து ரிட்டயர் ஆனவங்க கொஞ்ச பேர் வருஷா வருஷம் பழைய சோல்ஜருங்க கல்லறையை சுத்தம் பண்ணி கொடி நட்டு வைப்பாங்களாம். மெடல் ஆஃப் ஆனர் வாங்கினவங்க கல்லறைக்கு ஸ்பெஷலா போவாங்க. மார்ச் 25 அதுக்குன்னே ஒரு நாள். அத்தானும் அங்க இருக்கற நம்மாளுங்க சில பேரும் போன ரெண்டு மூணு வருஷமா கூட போய் புல்லு பிடுங்கறது, கல்லு துடைக்கறதுன்னு கூடமாட ஒத்தாசை பண்ணிட்டு இருக்காங்க. அந்த பெரியவங்களுக்கு நம்ம ஊர் பொருளா ஒண்ணு குடுக்கணும், ஷால் கீல் எல்லாம் வேணாம், தஞ்சாவூர் தட்டு ஒண்ணு அடிச்சு அனுப்புடான்னு ஒரு நாள் ராத்திரி வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் வந்துது. நான் திருவையாறு, பஸ் ஏறினா தஞ்சாவூர், அதனால இந்த மாதிரி வேலை எல்லாம் என் தலையிலதான் விழும்.

அந்த மெடலை பத்தி தெரியாதவங்களுக்கு கொஞ்சம். அமெரிக்காவுல வடக்கும் தெற்கும் அடிச்சுக்கிட்ட சிவில் வார் நேரத்துல ஆரம்பிச்சது. 1861 டிசம்பர்ல கப்பல் படைக்கு, 1862 ஜூலையில தரைப்படைக்கு, லிங்கன் கையெழுத்து போட்டார். இன்னைக்கு அவங்க நாட்டுலயே பெரிய வீர விருது அதுதான், நம்ம பரம்வீர் சக்ரா இருக்கற இடம்னு வச்சுக்கங்க. ஆனா ஆரம்பத்துல அப்படி இல்ல. செம்புல அடிச்சு வெண்கல கலர் ஏத்தின ஒரு நட்சத்திரம், ஒண்ணுக்கு 2 டாலர்னு பிலடெல்பியாவுல ஒரு கம்பெனிக்கு ஆர்டர் குடுத்தாங்க. வீரத்துக்குன்னு அப்போ அவங்க படையில குத்திக்க இருந்த மெடல் இது ஒண்ணுதான், அதனால அந்த ஒரு போருக்கு மட்டுமே 1,500க்கு மேல போயிருக்கு.

சிலது எப்படி போச்சுன்னு கேட்டா சிரிப்பா இருக்கும். மெயின்ங்கற மாநிலத்தோட 27வது ரெஜிமென்ட், 1863 ஜூன்ல அவங்க கான்ட்ராக்ட் முடியுது, வீட்டுக்கு கிளம்பற நேரம் பார்த்து எதிரி படை வடக்கே ஏறி வருது. வாஷிங்டனை காக்க யாரு கூட கொஞ்ச நாள் இருக்கீங்களோ அவங்களுக்கு மெடல்னு சொன்னாங்க. இருந்தது 300 பேர் கிட்ட. கடைசியில பேர் லிஸ்ட் குழம்பி, வீட்டுக்கு போனவனுக்கும் சேர்த்து 864 மெடல். நம்ம ஊர் ஸ்கூல் ஆண்டு விழாவுல மேடை ஏறின எல்லாருக்கும், மைக் செட்காரர் வரைக்கும், பொன்னாடை போத்தற கதைதான். 1917ல ஒரு கமிட்டி உக்காந்து அந்த 864ஐயும் சேர்த்து 911 பேரை லிஸ்டுல இருந்து தூக்கிடுச்சு.

அந்த 911ல மேரி வாக்கர்னு ஒரு டாக்டரம்மாவும் போயிட்டாங்க. இந்த மெடல் வாங்கின ஒரே பொம்பளை அவங்கதான், போர்ல காயம்பட்டவங்களுக்கு வைத்தியம் பார்த்து, எதிரிகிட்ட மாட்டி ஜெயில்ல வேற இருந்தாங்க. ராணுவத்துல முறைப்படி சேர்ந்த ஆள் இல்லன்னு சொல்லி பேரை அடிச்சுட்டாங்க. அந்தம்மா திருப்பி குடுக்கவே இல்ல, 1919ல சாகற வரைக்கும் குத்திக்கிட்டுதான் திரிஞ்சாங்க. 1977லதான் பேரை திரும்ப சேர்த்தாங்க.

சரி, பட்டறைக்கு வருவோம்.

மொத நாள் போய் மெடல் படத்தை காட்டினதும் பெரியவர் கண்ணாடியை ஏத்திவிட்டு பார்த்துட்டு, "இது நட்சத்திரம்தானே தம்பி, அச்சு வெட்டறது ஒண்ணும் பெரிய வேலை இல்ல, நடுவுல இதை வச்சு சுத்தி பூக்கொடி ஓட்டிடலாம்"னார். எனக்கும் சரின்னுதான் பட்டுது. அத்தான்கிட்ட போன்ல சொன்னா அவர் அலறிட்டார். அந்த மெடலை பர்மிஷன் இல்லாம செய்யறதோ விக்கறதோ, அது மாதிரியே தெரியற ஒண்ணை செய்யறதோ கூட அமெரிக்காவுல குத்தமாம், ஜெயில் வரைக்கும் போகும். கௌரவம் பண்றேன்னு போய் கேஸ் வாங்கிக்கிட்டு வரணுமாடான்னு கேட்டார். பெரியவர்கிட்ட இதை சொன்னப்போ அவருக்கு ஒரே சந்தோஷம், "அப்படித்தான் இருக்கணும், இங்க பாரு, எவன் எவனோ அலுமினியத் தகட்டை அழுத்தி ஒட்டிட்டு தஞ்சாவூர் தட்டுன்னு விக்கறான்"னு ஆரம்பிச்சு அரை மணி நேரம் பேசினார். நியாயமான ஆத்திரம். இந்த தட்டுக்கு புவிசார் குறியீடு எல்லாம் இருக்கு, இருந்து என்ன.

அப்புறம் நட்சத்திரத்துக்கு பதிலா என்ன போடறதுன்னு பேச்சு வந்தப்போதான் அத்தான் அந்த ரயில் இன்ஜின் போட்டோவை அனுப்பினார். சட்டனூகா நேஷனல் செமட்ரியில ஒரு கல் மேடை, அதுமேல வெண்கலத்துல சின்னதா ஒரு நீராவி இன்ஜின். அதை சுத்தி அரைவட்டமா எட்டு கல்லறை.

கதை இதுதான். 1862 ஏப்ரல் 12. ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ்னு ஒருத்தர், சோல்ஜர் இல்ல, வடக்கு பக்கத்துக்கு வேவு பார்த்த ஆளு. அவர் தலைமையில ஒஹையோ மாநில சோல்ஜருங்க கொஞ்ச பேர் சாதா டிரஸ்ல, தெற்கு படை கையில இருந்த ஜார்ஜியாவுக்குள்ள புகுந்து, டிக்கெட் வாங்கி பயணிங்க மாதிரி ரயில் ஏறிட்டாங்க. பிக் ஷாண்டின்னு ஒரு ஸ்டேஷன்ல டிரைவர், கண்டக்டர், பயணிங்க எல்லாரும் காலை டிஃபனுக்கு இறங்கின நேரம் பார்த்து பயணிகள் பெட்டியை கழட்டி விட்டுட்டு, இன்ஜினையும் மூணு சரக்கு பெட்டியையும் ஓட்டிக்கிட்டு கிளம்பிட்டாங்க. அந்த இன்ஜின் பேரு ஜெனரல். போற வழியில தந்தி கம்பியை அறுக்கறது, தண்டவாளத்தை பேக்கறது, பாலத்தை எரிக்கறது, அப்புறம் சட்டனூகாவுக்கு தெற்கே இருந்து உதவி வராம பண்றதுதான் பிளான். ஆனா அன்னைக்கு மழை. மரப்பாலம் ஊறிப்போய் தீ பிடிக்கல. அந்த ரயிலோட கண்டக்டர் ஃபுல்லர்னு ஒரு மனுஷன், மொதல்ல கால்நடையா ஓடி, அப்புறம் தள்ளுவண்டியில, அப்புறம் கெடைச்ச இன்ஜின்ல ஏறி, கடைசியா டெக்சாஸ்னு ஒரு இன்ஜினை பின்னாடி பக்கமாவே ஓட்டிக்கிட்டு துரத்தினார். 140 கிலோமீட்டர் கிட்ட ஓடி, விறகு தீர்ந்து, ஜெனரல் நின்னு போச்சு. ஆளுங்க காட்டுக்குள்ள சிதறி ஓடி எல்லாரும் மாட்டிக்கிட்டாங்க.

நான் இதை திண்ணையில உக்காந்து சொல்லும்போது மகன் சுத்தியை கீழ வச்சுட்டு கேட்டுக்கிட்டு இருந்தார். "மாயவரம் ஜங்ஷன்ல காபி குடிக்க இறங்கினவன் திரும்பி பார்த்தா வண்டி இல்லங்கற மாதிரி"ன்னார். பெரியவர் சிரிக்கல. "எட்டு கல்லறைன்னியே, அது?"ன்னார்.

எட்டு பேரை தூக்குல போட்டாங்க. ஜூன் 7 ஆண்ட்ரூஸ், ஜூன் 18 அன்னைக்கு மத்த ஏழு பேர், அட்லாண்டாவுல. இன்னொரு எட்டு பேர் ஜெயில்ல இருந்து தப்பிச்சு ஓடினாங்க, ஆறு பேர் அடுத்த வருஷம் கைதி மாத்தினதுல விடுதலை. அந்த ஆறு பேரும் வாஷிங்டன் போனப்போ ஸ்டான்டன்ங்கற போர் மந்திரி, 1863 மார்ச் 25, அன்னைக்குதான் இந்த மெடலை உலகத்துலயே மொத தடவையா குத்தி விட்டார். ஜேக்கப் பாரட்ங்கற பையனுக்கு முதல் மெடல். அந்த தேதியாலதான் இன்னைக்கும் மார்ச் 25.

ஆனா கூட்டிட்டு போன ஆண்ட்ரூசுக்கு மெடல் இல்ல, ஏன்னா அவர் சோல்ஜர் இல்ல. கூட தூக்குல தொங்கின கேம்ப்பெல்னு இன்னொருத்தரும் சிவிலியன், அவருக்கும் இல்ல. மீதி ஆறு சோல்ஜருக்குமாவது உடனே குடுத்தாங்களான்னா அதுவும் இல்ல, ஷாட்ராக், வில்சன்னு ரெண்டு பேருக்கு 2024 ஜூலையில பைடன்தான் குடும்பத்துக்காரங்க கையில குடுத்தார். தூக்குல போட்டு 162 வருஷம் கழிச்சு! நம்ம ஊர் தியாகி பென்ஷன் ஃபைலே தேவலாம் போல.

கலைத்தட்டு பார்த்தவங்களுக்கு தெரியும், நடுவுல பெரிய வட்டம், சுத்தி எட்டு இதழ் மாதிரி கட்டம், வழக்கமா அதுலதான் அஷ்டலட்சுமி வரும். நடுவுல இன்ஜின், எட்டு கட்டத்துல எட்டு பேர் பேரு, மெடல் வாங்கினவன் வாங்காதவன்னு பிரிக்காம. இது என் யோசனை இல்ல, அவர் மகன் சொன்னது. எனக்கு அந்த இடத்துலயே இந்த பட்டறை பிடிச்சு போச்சு. வேற இடத்துல கேட்டப்போ "நடுவுல போட்டோ லேசர்ல அடிச்சு ஒட்டிடலாம் சார், நாளைக்கே வாங்கிக்கலாம்"னாங்க, அவ்ளோதான் அவங்க அக்கறை.

ஆனா பெரியவர் கொஞ்சம் தயங்கினார். மங்களமா குடுக்கற பொருள், லட்சுமி உக்கார்ற இடத்துல தூக்குல செத்தவங்க பேரை வெட்டறதான்னு. உள்ள இருந்து அவங்க வீட்டம்மா குரல் மட்டும் வந்துது, "ஏன், கழுவுல ஏத்தின காத்தவராயனுக்கு நாம பொங்க வைக்கலயா, வெட்டுங்க"ன்னு. அதுக்கு மேல அவர் ஒரு வார்த்தை பேசல, பேப்பரை எடுத்து வட்டம் போட ஆரம்பிச்சுட்டார்.

வேலையை பத்தி. அடித்தட்டு கெட்டி பித்தளை, 12 இன்ச், தூக்கி பார்த்தாலே வித்தியாசம் தெரியுது, கடையில விக்கற சில தட்டு காத்துல பறக்கும். உருவம் எல்லாம் தனியா மெல்லிசு தகட்டுல செய்வாங்க. அச்சுல உருவத்தை குழிவா, தலைகீழா வெட்டி, அதுமேல தகட்டை வச்சு, ஈயத்தை வச்சு அடிச்சா தகடு உள்ள இறங்கி உருவம் புடைச்சு வந்துடும். பின்னாடி பள்ளத்துல அரக்கு ரொப்பி, அப்புறம் அடித்தட்டுல உளியால காடி எடுத்து அதுக்குள்ள ஓரத்தை செருகி தட்டி இறுக்கறாங்க. பசை கிடையாது. நகத்தால ஓரத்தை நெம்பி பார்த்தேன், அசையல. நல்ல தட்டா ஒட்டின தட்டான்னு பார்க்க இதுதான் வழி, கடைக்காரர் முறைச்சாலும் பரவாயில்ல, நெம்பி பாருங்க. இன்ஜின் மட்டும் வெள்ளி, சுத்தி கொடி வேலை செம்பு, அடியில பித்தளை, மூணு கலரும் தனித்தனியா தெரியுது. வெள்ளி எவ்ளோ கிராம்னு கேட்டா எடை போட்டு காட்டினார், துண்டுச்சீட்டுல எழுதியும் குடுத்தார்.

இன்ஜினுக்கு அவர் கேட்ட கேள்வி இருக்கே. சக்கரம் எத்தனை, பக்கவாட்டுல பார்த்தா ரெண்டு சின்னது முன்னாடி, ரெண்டு பெருசு பின்னாடி, சரியா? புகைபோக்கி ஏன் மேல அவ்ளோ அகண்டு இருக்கு? (விறகு எரிக்கற இன்ஜின், நெருப்பு பொறி வெளிய பறக்காம இருக்கத்தான்.) முன்னாடி கூண்டு எதுக்கு? (தண்டவாளத்துல நிக்கற மாட்டை தள்ளிவிட.) அவரோட சித்தப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்ல இருந்தவராம், சின்ன வயசுல போய் நீராவி இன்ஜினை கிட்ட நின்னு பார்த்திருக்கார், அதனால சக்கரத்தை கோக்கற கம்பி எந்த இடத்துல பிடிக்கும்னு எனக்கே சொல்லிக் குடுத்தார். இன்னொரு சங்கதி, நாகப்பட்டினம் தஞ்சாவூர் ரயில் லைன் 1861ல ஓட ஆரம்பிச்சுது, அடுத்த வருஷம் திருச்சி வரைக்கும் போச்சு. அங்க இவங்க இன்ஜினை கடத்திக்கிட்டு ஓடின அதே சமயத்துல நம்ம டெல்டாவுல ஜனங்க ரயிலை முதமுதலா வாயை பொளந்து பார்த்துக்கிட்டு இருந்திருக்காங்க. இதை சொன்னதும் பெரியவருக்கு வேலையில ஒரு வேகம் வந்துடுச்சு, அன்னைக்கு மட்டும்.

ஏன் அன்னைக்கு மட்டும்னா, அடுத்து தை மாசம். முகூர்த்த ஆர்டர், பொங்கலுக்கு கம்பெனிங்க குடுக்கற கிஃப்ட் ஆர்டர்னு வந்து நம்ம தட்டு மூலைக்கு போயிடுச்சு. போன் பண்ணா "அச்சு ஆயிடுச்சு தம்பி", அடுத்த வாரம் பண்ணா "அச்சு ஆயிடுச்சு தம்பி". நேர்ல போய் திண்ணையில உக்காந்தாதான் வேலை நகரும். டீ வாங்கி குடுப்பாங்க, அதுல குறை இல்ல. அத்தை அமெரிக்கா கிளம்பற டிக்கெட் தேதியை நான் பெரியவர்கிட்ட சொன்னதைவிட அவங்க வீட்டம்மாகிட்ட சொன்னதுதான் பலிச்சுது. உங்களுக்கும் அதே ஐடியாவை சொல்றேன்.

எழுத்து விஷயம் கொஞ்சம் ஏமாத்தம்தான். கீழ வளைவுல தமிழ்ல ரெண்டு வரி வெட்ட சொன்னேன், கண்ணுல ஒத்திக்கலாம், அப்படி ஒரு சுழி. இங்கிலீஷ் பேருங்கதான் கோணல். ஷாட்ராக், ஸ்லேவன்ஸ், ராபர்ட்சன் மாதிரி நீள பேரெல்லாம் கட்டத்துக்குள்ள நெருக்கியடிச்சு நிக்குது, ராஸ், ஸ்காட்னு சின்ன பேருக்கு ரெண்டு பக்கமும் காலி மைதானம். தப்பு எழுத்து ஒண்ணும் இல்ல, அது வரைக்கும் சந்தோஷம். நீங்க குடுக்கறதா இருந்தா எழுத்தை கம்ப்யூட்டர்ல அடிச்சு, தட்டு அளவுக்கே பிரிண்ட் எடுத்து குடுத்துடுங்க, ஒட்டி வச்சு அது மேலயே வெட்டிடுவாங்க. மகனுக்கு அது வசதியாம், அவரே சொன்னார், எல்லாம் முடிஞ்சப்புறம்.

விலை 18,500, புது அச்சு வெட்டற கூலியும் வெள்ளியும் சேர்த்து. பாதி அட்வான்ஸ், மீதி கையில வாங்கும்போது. ரெடியா இருக்கற அச்சுல சாமி உருவம்னா இதுல பாதிக்கும் கம்மியா முடியும்னு சொன்னாங்க. எனக்கு அதிகம்னு தோணல. ஃபைபர்ல ஒரு ஷீல்டு வாங்கி அதுல ஸ்டிக்கர் ஒட்டி குடுக்கற காசுக்கு கணக்கு போட்டா அதிகம்தான், ஆனா ஷீல்டு எல்லாம் வாங்கினவங்க வீட்டு பரண்லதானே கிடக்கு. ஒண்ணு மட்டும், ஜிஎஸ்டி பில் வேணும்னா முன்கூட்டியே பேசிக்கங்க, அங்க எல்லாம் துண்டுச்சீட்டுதான்.

பேக்கிங்: தினத்தந்தியில சுத்தி, மஞ்சப்பையில போட்டு குடுத்தாங்க. சத்தியமா. அமெரிக்கா போகுதுன்னு தெரிஞ்சும். நான் மொதல்ல கொரியர்ல அனுப்பலாம்னு ஒரு இடத்துல கேட்டேன், அவங்க சொன்ன ரேட்டுக்கு இன்னொரு தட்டு அடிச்சிருக்கலாம், வெள்ளின்னு சொன்னதும் ஆயிரம் கேள்வி வேற. அதனால தெர்மாகோல், பபிள் ஷீட் எல்லாம் வாங்கி நானே கட்டி அத்தை பெட்டியில வச்சேன். திருச்சி ஏர்போர்ட்ல ஸ்கேன்ல கருப்பா வட்டமா தெரிஞ்சுதுன்னு பெட்டியை திறக்க சொல்லி, பிரிச்சு பார்த்துட்டு, அந்த ஆபீசரே "எங்க செஞ்சது, எவ்ளோ"ன்னு விசாரிச்சாராம். அத்தை அட்ரஸ் சொல்லிட்டு வந்திருக்காங்க.

அங்க போய் சேர்ந்தது, குடுத்தது எல்லாம் அத்தான் வீடியோ அனுப்பினார். வரிசையா வெள்ளை கல்லு. மெடல் வாங்கினவங்க கல்லுல மட்டும் எழுத்து தங்க கலர். அந்த கல்லை அரசாங்கமே இலவசமா குடுக்குது, கல்லறை எங்கன்னே தெரியாம போனவங்களை இன்னமும் சில பேர் பழைய ரெக்கார்டை வச்சு தேடி கண்டுபிடிச்சு கல்லு வைக்கறாங்களாம். இந்த காரியம் எனக்கு மெடலைவிட பெருசா படுது. நம்மகிட்ட நடுகல் இருந்துது, தொல்காப்பியத்துலயே கல்லு தேடறதுல இருந்து நட்டு வாழ்த்தற வரைக்கும் படிப்படியா சொல்லியிருக்கு, ஆனா அதெல்லாம் செங்கம், தர்மபுரி பக்கம் போனாதான் நிறைய பார்க்கலாம். டெல்டாவுல கல்லு ஏது, வண்டல்தான். பெரிய கோவிலுக்கே கல்லு வெளிய இருந்துதானே வந்துது. நமக்கு கைவந்தது சுவாமிமலை வெண்கலமும் நாச்சியார்கோவில் குத்துவிளக்கும் இந்த தட்டும்தான், அதனால இது பொருத்தமாத்தான் இருந்துதுன்னு நினைக்கறேன்.

ஒரு விஷயத்துல மட்டும் எனக்கும் அத்தானுக்கும் வாக்குவாதம். அந்த காலத்துல மெடல் வாங்கின எல்லாருக்கும் பொதுவா ஒரு வாழ்த்து வரி போடலாம்னு அவர் மொதல்ல சொன்னார், நான் வேணாம்னுட்டேன். 1890 டிசம்பர்ல வூண்டட் நீன்னு ஒரு இடத்துல லகோட்டா பழங்குடி ஜனங்களை, பொம்பளைங்க குழந்தைங்கன்னு பார்க்காம சுட்டுத் தள்ளினாங்க, அதுக்கும் 20 பேர் கிட்டத்துல இதே மெடல் குடுத்திருக்காங்க, அதை பிடுங்கணும்னு அந்த ஜனங்க இன்னைக்கும் கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க. அதே நூற்றாண்டுலதான் வில்லியம் கார்னி, அடிமையா பொறந்த கறுப்பின சோல்ஜர், 1863ல வாக்னர் கோட்டை சண்டையில உடம்பெல்லாம் குண்டு காயத்தோட கொடியை தரையில விழவிடாம தூக்கிட்டு வந்தார். அவருக்கு மெடல் வந்தது 1900ல, 37 வருஷம் கழிச்சு. ரெண்டையும் ஒரே வரியில எப்படி வாழ்த்தறது? எட்டு பேர், அவங்க பேரு, தேதி, போதும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் முனகிட்டு, "சரிடா, நீயே எழுதி குடு"ன்னுட்டார்.

தட்டை வாங்கின பெரியவங்கள்ல ஒருத்தர், வியட்நாம் போருக்கு போனவராம், ஒவ்வொரு கட்டமா படிச்சுட்டே வந்து ஆண்ட்ரூஸ் பேர்ல நிறுத்தி, "இவரையும் சேர்த்தீங்களா"ன்னு கேட்டாராம். அந்த வீடியோவை பட்டறையில காட்டினேன், பெரியவர் ரெண்டு தடவை போட்டு பார்த்தார், மகன் அதை தன் போனுக்கு அனுப்ப சொல்லி ஸ்டேட்டஸ் வச்சுட்டார். அச்சை உருக்காம வச்சிருக்காங்க, வேற யாராவது கேட்டா நடு இன்ஜினை மட்டும் அடிச்சு குடுப்பாங்களாம், புது அச்சு கூலி இல்லாம.

வாங்கறவங்களுக்கு இன்னும் ரெண்டே விஷயம். வீட்டுல புளி போட்டு தேச்சுடாதீங்க, பித்தளைக்கு சரி, ஆனா காடியில ஈரம் இறங்கி ஓரமெல்லாம் பச்சை பூத்துடும். காய்ஞ்ச துணி, வெள்ளி மங்கினா அந்த இடத்துல மட்டும் கொஞ்சம் விபூதி தொட்டு துடைச்சா போதும்னு அவரே சொன்னார். அப்புறம் நிக்க வைக்கற மர ஸ்டாண்ட் விலையில சேராது, அதை யாரும் சொல்ல மாட்டாங்க, நாமதான் கேக்கணும், நான் கேட்டப்போ கடைசி நேரத்துல 400 ரூபா சேர்த்து வாங்கினாங்க.